வண்டியைத் திருப்பாமல் இருப்பது

ஓரெஸ்ட் பரானிக் இதுவரை வண்டியால் மோதி யாரையும் கொன்றதில்லை. டாஃபின் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

வயது நாற்பத்தாறு. ஊருக்குத் தெற்கே டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். மான் மோதிய பம்பர், மாடு இடித்த கதவு, மாமியார் வீட்டு வேலியில் உரசிய மட்கார்டு என்று இருபத்திரண்டு வருடமாக நசுங்கியதை நிமிர்த்துவதுதான் பிழைப்பு. ஒரு நெளிசலைப் பார்த்தால் போதும். எது மோதியது, என்ன வேகத்தில் மோதியது, ஓட்டியவர் வீட்டில் என்ன பொய் சொல்லியிருப்பார் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், தன் வண்டிச் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் 'ஐயோ, யார் மேலேயோ ஏற்றிவிட்டோம்' என்று வெலவெலத்துப்போய் வண்டியைத் திருப்புவார். போய்ப் பார்த்தால் குழி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். நிம்மதியாகத் திரும்பி வந்தால் அதே குழியில் சக்கரம் மறுபடி இறங்கும். இப்போது யார் மேல் ஏறியது? மறுபடி திருப்ப வேண்டியதுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓரெஸ்ட் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பிணம். அதுவும் அவர்கள் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் ஏப்ரல் மாதம் பனி உருகினால் சாலையைவிடக் குழிதான் அதிகம். பட்டறையிலிருந்து வீடு ஒன்பது நிமிடம். ஒருநாள் அதைக் கடக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வந்தவர் நேரே உள்ளே வருவாரா? மண்டிபோட்டு பம்பரைத் தடவுவார். டார்ச் அடித்துச் சக்கரத்துக்குள் பார்ப்பார். பிறகு வானொலியில் உள்ளூர்ச் செய்தி. விபத்து எதுவும் இல்லை என்று செய்தி முடிந்தால், 'இன்னும் பிணத்தைக் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக்கொள்வார்.

"நான் முட்டாள்னு எனக்கே தெரியும் நடீன். தெரிஞ்ச முட்டாளுக்குத் தனி மரியாதை உண்டு" என்பார் மனைவியிடம்.

"மரியாதை அப்புறம். பீட்ரூட் சூப் மூணாவது தடவை சுட வச்சாச்சு, வந்து குடி."

இந்தக் கூத்து அவரோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். மகள் லெசியாவுக்குப் பதினேழு வயது. ஐஸ் ஹாக்கியில் கோலி, அதாவது வலையைக் காக்கிறவள். அப்பா வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு வேறு உத்தியோகம்.

"சத்தம் கேட்டியா?"

"குழிப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"பார்த்துச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

இப்படிப் பல வருடம் சாட்சி சொன்ன பிள்ளை அவள். போன நவம்பரில் பிராண்டன் நகரத்தில் மாகாணப் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு மணி நேரப் பாதை. மின்னெடோசா அருகே ஒரு பாலத்தில் சக்கரம் தடுக்கியது. ஓரெஸ்ட் பதினோரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்து ஐஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். லெசியா அழவில்லை, கத்தவுமில்லை. கையுறையைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, "இனிமே உன் வண்டில ஏறமாட்டேன்ப்பா" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதையும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று நடீன் கேட்டபோது, "எனக்கும் அது ஒட்டிக்கிச்சுன்னா?" என்றாளாம். பக்கத்து அறையில் இருந்த ஓரெஸ்ட் காதில் அது விழுந்தது. மறுநாளே டாக்டரிடம் போனார். அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, இதற்கென்றே பயிற்சி பெற்ற மனநல நிபுணர் வில்மா பென்னரிடம் அனுப்பினார்.

வில்மா ஐம்பது வயதுக்காரர், கம்பளிச் சட்டை போட்டவர், அவசரமே இல்லாதவர். ஓசிடி என்று பெயர் சொன்னார், ஒரே நினைப்பும் ஒரே சரிபார்ப்பும் விடாமல் பிடித்துக்கொள்கிற மனநோய். ஓரெஸ்ட் அதுவரை அதை ஓயாமல் சோப்புப் போட்டுக் கைகழுவுகிறவர்களின் வியாதி என்று நினைத்திருந்தார்.

"இப்படி ஒரு நினைப்பு எல்லாருக்கும் வரும் ஓரெஸ்ட். எனக்கும் வரும். வந்துட்டுப் போயிடும். நீங்க அதை நாற்காலி போட்டு உட்காரவச்சு, காபி குடுத்து விசாரிக்கிறீங்க. ஒவ்வொரு தடவை திரும்பிப் போறப்பவும், 'பார்த்தியா, நிஜமாவே ஆபத்துதான்'னு உங்க மூளைக்கு நீங்களே பாடம் எடுக்கிறீங்க."

"அப்ப என்ன பண்ணணும்?"

"திருப்பக்கூடாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா அத்தனை வருஷம் படிச்சீங்க?"

"ஒரு தடவை திருப்பாம வீட்டுக்குப் போங்க. அப்புறம் வந்து இதே கேள்வியைக் கேளுங்க."

கேட்கவில்லை. முதல் தடவை திருப்பாமல் வந்த அன்று வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் நடுங்கினார். நடுக்கம் ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு தானாகவே இறங்கியது. அது தானாக இறங்கும் என்பது நாற்பத்தாறு வருடத்தில் அவருக்கு முதல் செய்தி.

படிப்படியாக ஏற்றினார் வில்மா. முதலில் காலி மைதானத்தில் ஒரு பலகை மேல் ஏற்றி இறக்க வேண்டும். அடுத்து சரளைக்கல் ரோடு. அடுத்து பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தத் தெரு. கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, வானொலிச் செய்தி, பம்பர் தடவுவது எல்லாம் தள்ளுபடி. வீட்டில் யாரிடமும் 'கேட்டியா' என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் அவர்கள் "தெரியல" என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒருவேளை நிஜமாவே மோதியிருந்தா?" என்று ஒருநாள் கெஞ்சினார்.

"மோதியிருக்கலாம். மோதாமலும் இருக்கலாம்" என்றார் வில்மா. இந்தப் பதிலுக்கு அவர் முகத்தில் ஒரு குற்றவுணர்ச்சி வேண்டுமே, இல்லை.

ஓரெஸ்ட் நல்ல மாணவர். அதுதான் தொல்லையே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்தத் தெரு, எந்தக் குழி, எத்தனை மணி, 'திருப்பவில்லை' என்று கட்டம் போட்டு எழுதினார். சாயங்காலம் எல்லாக் குழியும் வரவாகியிருக்கிறதா என்று சரிபார்த்தார். ஒருநாள் தானியக் கிடங்கு பக்கத்துக் குழியை எழுதினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குழிக்குத் திரும்பிப் போகவில்லை என்று எழுத மறந்துவிட்டோமோ என்று, அந்தக் குழிக்கே திரும்பிப் போனார். நான்கு முறை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. உலகத்தில் வைத்தியத்தையே வியாதியாக்குகிற திறமை இந்த ஜாதி நோயாளிக்குத்தான் உண்டு. வில்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு நோட்டைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"நான் சரியாத்தான் குணமாகிறேனா?" என்று கேட்டார் ஓரெஸ்ட்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

மார்ச் கடைசியில் நடீன் பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே வின்னிபெக்கிலிருந்து லெசியாவுக்கு அழைப்பு வந்தது. ஒரு பல்கலைக்கழக அணியில் ஒரே ஒரு கோலிக்கு இடம், பார்க்கப் போவது மூன்று பேரை. சனிக்கிழமை பன்னிரண்டரைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்; வராதவர் பெயர் அடித்துவிடப்படும். டாஃபினிலிருந்து முந்நூற்றிருபது கிலோமீட்டர். பஸ் நின்றுபோய் வருடக்கணக்காகிறது. லெசியாவின் சித்தி வீட்டில் மாடுகள் கன்று போடும் நேரம், அவளாலும் வர முடியாது. யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்துவிட்டு, லெசியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, உன்னாலதான் கூட்டிட்டுப் போக முடியும்" என்றாள். அது நம்பிக்கையில்லை, வேறு வழியில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஓரெஸ்ட் முட்டாள் இல்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். மூன்றரை மணி நேரப் பாதை, கையிருப்பு ஒரு மணி நேரம். பின்சீட்டில் லெசியா ஆட்டத்துக்குக் கட்டும் தடித்த கால் பட்டைகள் இரண்டு குண்டுப் பிரயாணிகள் போலச் சாய்ந்திருந்தன. முதல் நாற்பது கிலோமீட்டரில் பதினேழு குழி. எண்ணக்கூடாதுதான். எண்ணினார். ஆனால் திருப்பவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"பாம்பைச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. மத்தபடி சௌக்கியம்."

மெக்ரியரி ஊரைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே பனி உருகிய வெள்ளம். ஆரஞ்சுப் பலகை வைத்துக் கிராமத்துச் சரளை ரோட்டில் திருப்பிவிட்டார்கள். சேறு. வண்டி வழுக்கி வழுக்கி ஊர்ந்ததில் முப்பத்தைந்து நிமிடம் போனது. ஒரு பண்ணை வீட்டுக்கு முன்னால் பின்சக்கரம் சறுக்கியது, வலதுபக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம்.

"அப்பா! நிறுத்து!"

ஓரெஸ்டுக்கு உடம்பு முழுக்க வியர்த்தது. ஆனால் பன்னிரண்டு வாரப் பயிற்சி சும்மாவா? பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினார். "இல்ல லெசியா. மூளை சும்மா குலைக்குது. குலைக்கட்டும்."

"மூளை இல்லப்பா, தபால் பெட்டி! இடிச்சுட்ட!"

"இடிச்சிருக்கலாம். இடிக்காமலும் இருக்கலாம்."

"ஐயோ கடவுளே! வலதுபக்கக் கண்ணாடி எங்கப்பா?"

பார்த்தார். கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு வயர் தொங்கியது. எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடாது என்று வில்மா சொன்னாரோ அதுவே போய்விட்டது. வாழ்நாளெல்லாம் இல்லாத விபத்துக்குத் திரும்பிப் போனவர், முதன்முதலாக நடந்த விபத்தை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தார், அதுவும் பெருமையோடு.

திரும்பிப் போனார்கள். ரப்பர் பூட்ஸும் கணவரின் பழைய கோட்டும் போட்ட ஒரு பாட்டியம்மா, நசுங்கிய தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாய்ந்த கம்பத்தருகே நின்றிருந்தார். பெட்டியில் தோர்வால்ட்சன் என்று பெயர் எழுதியிருந்தது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. நான்தான் இடிச்சேன்" என்றார் ஓரெஸ்ட். இதைச் சொல்லத்தான் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது போலக் குரல் தழுதழுத்தது.

"அட, அழாத தம்பி. தபால் பெட்டிதானே?"

வண்டிப் பின்னால் சுத்தியல், அடியில் முட்டுக்கொடுக்கும் இரும்பு, போல்ட் எல்லாம் இருந்தன. தகரத்தை நிமிர்த்துவது அவருக்குக் கைவந்த கலை. பெட்டியைத் தட்டி, கம்பத்தை நட்டு, கல்லை அணைகொடுத்து நிறுத்த ஒன்பது நிமிடம் ஆனது. சேற்றில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை லெசியா பொறுக்கினாள். பாட்டியம்மா பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"வருஷாவருஷம் யாராவது இடிச்சுட்டுப் போயிடுவான். பனி தள்ளுற வண்டிக்காரன் ரெண்டு தடவை. ஒருத்தனாவது திரும்பி வந்திருப்பானா? நீ வந்தே பாரு. உன்னை மாதிரி திரும்பி வர்றவன் இந்தக் காலத்துல எங்க இருக்கான்?"

லெசியா வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஓரெஸ்ட் பதறிப்போய்ப் பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டாஃபின்காரர்களே இப்படித்தான் என்று முடிவுகட்டியிருப்பார்.

சிரிப்பு நீபாவா ஊர் வரைக்கும் தாங்கியது. ஓரெஸ்ட் வியந்துகொண்டே ஓட்டினார். நிஜமான விபத்துக்கு ஒன்பது நிமிடமும் ஒரு மன்னிப்பும் போதுமாம். இல்லாத விபத்துகளுக்கு அவர் ஆயுளில் பாதியைக் கொடுத்திருக்கிறார்.

கிளாட்ஸ்டனில் ரயில் பாதை. இந்தப் பக்கம் மூன்று பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். வண்டி தண்டவாளத்தில் ஏறியது, இறங்கியது, பின்சக்கரத்தில் ஒரு 'தொப்'.

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. அதுவும் இந்த முறை வக்கீலோடு வந்தது. 'சற்றுமுன் ஒன்றுமில்லை என்றாய், நிஜமாக இருந்தது. இப்போதும் ஒன்றுமில்லை என்கிறாயா? மூன்று பிள்ளைகள், ஓரெஸ்ட். இப்போது அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள்?' வலதுபக்கம் கண்ணாடியும் இல்லை, திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்க்க. கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து விலகியது. வண்டி நாற்பதுக்கு இறங்கியது. முன்னால் இடதுபுறம் ஒரு பெட்ரோல் நிலையம், வண்டியைத் திருப்ப வாகான இடம். மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது. மிச்சமிருந்த கையிருப்பு கால் மணி நேரம். ஒருமுறை திருப்பினால் ஒருமுறையோடு நிற்காது என்பது ஊரில் வேறு யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"லெசியா."

"ம்."

"நீ... ஏதாவது..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. முழங்கால் மேல் இரண்டு கையும் இறுகியிருந்தன. "தெரியலப்பா" என்றாள். குழிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடம் தீர்ந்துவிடும். வில்மா சொன்னபடி, அந்த வார்த்தையைச் சொல்லாமல் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

தபால் பெட்டியை இடித்தபோது யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதில்தான் முதலில் வந்தது, கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு. இங்கே இருப்பது கேள்வி மட்டும். ஆனால் இது நிச்சயமா? இதையும் யாராவது உறுதிசொன்னால் தேவலை என்றிருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. பெட்ரோல் நிலையத்தின் திருப்பம் வந்தது. கொலைகாரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இந்தப் பெண்ணை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். திருப்பம் இடதுபக்கக் கண்ணாடியில் சிறுத்துப் போனது. போர்ட்டேஜ் நகரம் வரை அவருக்குச் சட்டை நனைந்திருந்தது.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு லெசியா கையெழுத்துப் போட்டாள்.

அவள் ஐஸில் இறங்கியதும் ஓரெஸ்ட் மேலே மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர்த் தட்டு அவள் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. நெஞ்சில், தோளில், முகமூடியில். ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு நிமிர்ந்தாள். போனது போனதுதான், வலைக்குள் போனதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வித்தை எங்கிருந்து வந்தது, நிச்சயம் அப்பன் வழியில்லை என்று நினைத்துக்கொண்டார். நடுவில் காபி வாங்கும் சாக்கில் வெளியே போய் வண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். பொய் சொல்வானேன், ஒன்றரை முறை. முழுக்கச் சேறு அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முடிவை அடுத்த வாரம் எழுதுவதாகப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். "எப்படி ஆடினேன்?" என்று லெசியா கேட்கவில்லை. "பசிக்குது" என்றாள். ஆளுக்கு இரண்டு ஹாம்பர்கர் தின்றுவிட்டு நாலரைக்குக் கிளம்பினார்கள். வெயில் நேர் எதிரே அடித்தது.

நகரத்தைத் தாண்டும் வரை மற்ற இரண்டு கோலிகளையும் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். போர்ட்டேஜுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் ஒட்டுப்போட்ட இடத்தில் சக்கரம் பலமாகக் குதித்தது.

"கேட்..." என்று ஆரம்பித்துப் பக்கத்தில் திரும்பினார்.

லெசியா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. குதித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது தவிர, அவர் ஓட்டும் வண்டியில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை.

மோதியிருக்கலாம். பின்னால் யாரோ கிடக்கலாம். எழுப்பிக் கேட்டால் அவளும் தெரியாது என்றுதான் சொல்வாள், ஆனால் எழுந்துவிடுவாள். ஓரெஸ்ட் பரானிக் அவள் முகத்தில் வெயில் படாமல் முன்கண்ணாடிக்கு மேலிருந்த தடுப்பை இறக்கிவிட்டார். பயந்து நடுங்கிக்கொண்டே, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், நேரே வீட்டுக்கு ஓட்டினார்.